வேலிக்காலின் கீழே

தார்நாகா என்ற பெயருக்குள்ளேயே ஒரு வேலி இருக்கிறது. உருதுவில் 'தார்' என்றால் கம்பி, 'நாகா' என்றால் காவல் சாவடி. நிஜாம் காலத்தில் இங்கே ஒரு பழத்தோட்டம் இருந்தது, அதைச் சுற்றி முள்கம்பி இழுத்து வாசலில் காவல் வைத்திருந்தார்கள், அதனால்தான் இடத்துக்கு இந்தப் பெயர் என்பது ஊரில் வழங்கும் விளக்கம். தோட்டம் போயிற்று, கம்பியும் போயிற்று. 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம், தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர, ஐதராபாத்தின் இந்தப் பக்கம் முழுக்க மதில்களின் வட்டாரமாகிவிட்டது. நிறுவனங்களின் நீண்ட சுவர்களுக்கு இடையே காலனிகள். காலனிகளுக்குள் செங்கல்லிலும் ஹாலோ பிளாக்கிலும் ரெடிமேட் பலகைகளிலும் எழுந்த வீட்டு மதில்கள். அவற்றில் எத்தனையோ சற்றே சாய்ந்து நிற்கின்றன. விரிசல்மேல் சிமெண்ட் அப்பி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்து, அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடி விரிசல் விட்ட சுவரை இந்த நகரத்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

பூமியின் மறுபக்கத்தில், டொரண்டோவின் ஸ்கார்பரோவிலும் அதை ஒட்டிய மார்க்கம் நகரிலும், ஈழத் தமிழர்களும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் வாங்கிய வீடுகளுக்குப் பின்னால் மரப்பலகை வேலிகள் இருக்கின்றன. அங்கே மழைக்குப் பதில் பனி. ஜனவரியில் ஒரு புயற்காற்று, ஒரு பனிக்குவியல், அடுத்த நாள் காலையில் நான்கு பலகைச் சட்டங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் படுத்திருக்கும். இரண்டு ஊர்களின் வானிலைக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது. ஆனால் பழுதுபார்க்கிறவர் செய்யும் தவறு ஒன்றேதான்: உடைந்தது எங்கே தெரிகிறதோ அங்கே வேலையைத் தொடங்குகிறார். பலகை உடைந்தால் பலகை மாற்றுகிறார், பூச்சு வெடித்தால் பூச்சு பூசுகிறார். வேலி சாய்வதற்கான காரணம் பெரும்பாலும் தரைக்குக் கீழே, மண்ணும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலையில் இருக்கிறது. அதைத் தொடாத எந்தப் பழுதுபார்ப்பும் அடுத்த பருவம்வரைதான் தாங்கும். பனி நாட்டு வேலியின் கதையைச் சரியாகப் புரிந்துகொண்டால் தக்காணத்து மதிலின் கதையும் விளங்கிவிடும் என்பது என் வாதம். ஆகவே முதலில் பனிக்குப் போவோம்.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது. மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பருப்பதால்தான் வேலிக்கால் மேலே தள்ளப்படுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைகூட இல்லை அது. அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் 1920களின் இறுதியில் செய்த சோதனைகளில், நீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் பொருள். அப்படியிருந்தும் மண் மேலே எழுந்தது. அப்படியென்றால் பருமன் கூடுவது முதன்மைக் காரணமாக இருக்க முடியாது. நடப்பது வேறு. மேலிருந்து குளிர் இறங்கி மண்ணை உறையவைக்கும்போது, அந்த உறையும் விளிம்பு கீழேயுள்ள உறையாத மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி இழுக்கிறது, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப்போல. இழுத்த நீர் படுகை படுகையாகப் பனிக்கட்டி வில்லைகளாக உறைகிறது. குளிர் நீடிக்க நீடிக்க வில்லைகள் தடிக்கின்றன, தடிக்கத் தடிக்க மேலுள்ள மண் எழுகிறது. இதற்கு மூன்றும் ஒருசேர வேண்டும்: உறைய வைக்கும் குளிர், இழுக்க நீர், அதை இழுத்துச் செல்லும் நுண்துளைகள் கொண்ட வண்டல் மண். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மண் எழாது. குளிரை யாராலும் எடுக்க முடியாது. நீரையும் மண்ணையும் மாற்றலாம். பனி நாட்டு வேலிப் பழுதுபார்ப்பின் முழுச் சாரமும் இந்த ஒரு வாய்ப்பில்தான் இருக்கிறது.

எழும் மண் வேலிக்காலை அடியிலிருந்து தள்ளுவதோடு நிற்பதில்லை, பக்கவாட்டில் இறுகப் பற்றியும் தூக்குகிறது. உறைந்த மண் காங்கிரீட்டின் சொரசொரப்பான பக்கத்தில் பசையாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிடி ஒரு சதுர மீட்டருக்கு 6 டன்னுக்கும் மேல் வரும் என்று கனடாவின் அடித்தளப் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். 30 செ.மீ. விட்டமும் 1.2 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு காங்கிரீட் கால் சுமார் 200 கிலோ எடைதான் இருக்கும். அதன் பக்கப் பரப்போ ஒரு சதுர மீட்டரைத் தாண்டும். டன் கணக்கில் மேலே இழுக்கும் பிடிக்கு முன்னால் 200 கிலோ என்ன செய்யும்? கால் ஒரு விரற்கடை எழுகிறது. கீழே உண்டான வெற்றிடத்தில் சேறு புகுந்துவிடுகிறது. வசந்தத்தில் பனி உருகும்போது மண் இறங்கும், கால் இறங்காது. அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு விரற்கடை. பத்து ஆண்டுகளில் பல் முளைப்பதுபோல வேலிக்கால்கள் தரையிலிருந்து வெளியே வந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, கதவு சாத்தாமல், ஒரு பெருங்காற்றுக்காகக் காத்து நிற்கும். விழும் நாளில் காற்றின்மேல் பழி விழுகிறது. காற்று கடைசியாக வந்து தொட்டது, அவ்வளவே.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. 'இன்னும் இரண்டு மூட்டை சிமெண்ட் கூடப் போட்டால் நிற்கும்' என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. பனி நாட்டில் இது தீங்கு. குழியின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருந்து, அதில் கலவையைக் கொட்டி நிரப்பினால், மேலே அகன்ற அந்தக் காளான் வடிவத்தை உறைமண் எளிதாகக் கவ்வித் தூக்கும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. மண் உறையும் ஆழத்துக்குக் கீழே, டொரண்டோவில் ஏறக்குறைய 1.2 மீட்டர், குழி போகவேண்டும். அடி அகன்றும் மேல் குறுகியும் மணி வடிவில் இருக்கவேண்டும். பக்கங்கள் வழவழப்பாக இருக்க அட்டைக் குழாயை அச்சாக இறக்குவார்கள். அடியில் சரளை, சுற்றிலும் நீர் தங்காத மண், மேல்முகத்தில் நீர் வெளியே வழிய ஒரு சரிவு. மரக்கால் என்றால் இந்தச் சரிவு இருமடங்கு முக்கியம். மரம் உளுத்துப்போவது தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில்தான். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அது. காலைச் சுற்றிக் காங்கிரீட் கிண்ணம்போல நின்றால் அதில் தேங்கும் நீரே காலைத் தின்றுவிடும். பழுதுபார்க்க வந்தவர் பலகைகளைத் தட்டிப் பார்ப்பதை விட்டு, தரைமட்டத்தில் மண்ணை விலக்கி ஒரு ஸ்குரூடிரைவரால் காலைக் குத்திப் பார்த்தால் போதும். நோய் எங்கே என்பது அரை நிமிடத்தில் தெரியும்.

குளிர்காலத்தின் நடுவே விழுந்த வேலியை என்ன செய்வது? வீட்டுக்காரர்கள் உடனே எழுப்பத் துடிப்பார்கள். நாய் இருக்கிறது, குழந்தை இருக்கிறது, அடுத்த வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். நீச்சல் குளம் இருந்தால் அதைத் திறந்து விடவே கூடாது. தேவை நியாயமானது. ஆனால் உறைந்த மண்ணைக் கடப்பாரையால் உடைத்து ஒரு சாண் குழியில் காங்கிரீட் ஊற்றுவதால் அந்தத் தேவை நிறைவேறாது. புதுக் கலவை 5 டிகிரிக்குக் கீழே போனால் இறுகுவது மிக மெதுவாகிவிடும். ஓரளவு வலு வருமுன் உறைந்துவிட்டால் உள்ளேயே நொறுங்கிப்போகும், பிறகு எத்தனை நாள் காத்திருந்தாலும் முழு வலு வராது. விரைவில் இறுகக் கால்சியம் குளோரைடு சேர்க்கும் பழக்கம் இரும்பை அரிக்கும். ஆக, குளிர்காலத்தில் செய்யத்தக்கது முட்டுக்கொடுப்பதுதான்: சாய்ந்த சட்டங்களைக் கழற்றி அடுக்கி வைத்து, நிற்பவற்றுக்குக் குறுக்குச் சட்டம் கொடுத்து, எடைக்கட்டைகளின்மேல் நிற்கும் தற்காலிக வலைத் தட்டிகளால் இடைவெளியை மூடுவது. நிரந்தரமாகவே செய்தாக வேண்டுமென்றால் எந்திரத்தால் முறுக்கி இறக்கும் இரும்புத் திருகுகால்கள் உண்டு. உறைமட்டத்துக்குக் கீழே போய்ப் பிடிக்கும், காங்கிரீட் வேண்டியதில்லை. 1830களில் அலெக்சாண்டர் மிட்செல் என்ற அயர்லாந்துப் பொறியாளர் கடல்மணலில் கலங்கரை விளக்கம் நிறுத்தக் கண்ட உத்தி அது. செலவு கூடுதல். செலவு முடியாதவர் கோடையின் பின்பகுதிவரை பொறுப்பதே நல்லது. பனி உருகிய ஏப்ரலில் மண் சேறாக இருக்கும். கோடையின் பின்பகுதியிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் மண் வடிந்து, தோண்டுவதற்கு இணங்கி இருக்கும்.

இன்னொரு சிறு செய்தி, பலர் கவனிக்காதது. பனி மண்ணுக்குப் போர்வை. தூவிய பனி அப்படியே கிடக்கும் இடத்தில் குளிர் ஆழமாக இறங்காது; கார் போக வழித்தடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்த இடத்தில் ஆழமாக இறங்கும். வழித்தடத்தை ஒட்டிய கால்கள் மட்டும் முதலில் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். சுரண்டிய பனியை வேலியோரம் குவிப்பதும் தவறு. புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் குறைவு. குவிந்து இறுகி நனைந்த பனி 300, 400 கிலோவைத் தொடும். பலகை அந்தப் பக்கச்சுமைக்காக அடிக்கப்பட்டதல்ல.

இனித் தக்காணம். தார்நாகாவில் மண் உறைவதில்லை. குளிர்கால இரவு 10 டிகிரி அளவுக்கு இறங்கினாலே ஊர் நடுங்கும். ஆனால் மண் எழுவதும் இறங்குவதும் உறைவதால் மட்டும் நிகழ்வதல்ல. இந்திய நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் போர்த்தியிருக்கும் கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் இருக்கிறது. அதன் தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும், வற்றினால் சுருங்கி கை நுழையும் அளவு பிளக்கும். பனி நாட்டில் குளிர்காலமும் வசந்தமும் செய்வதைக் கரிசலில் ஆனியும் சித்திரையும் செய்கின்றன. பருவம் மாறினாலும் வேலிக்காலுக்கு நேர்வது ஒன்றே: பக்கவாட்டுப் பிடி, மேலிழுப்பு, பிறகு மண் இறங்கினாலும் கால் இறங்காமை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் தினேஷ் மோகனும் உடன் பணியாற்றியவர்களும் 1950களில் கரிசலுக்காக உருவாக்கிய தீர்வைப் பாருங்கள். ஈரம் மாறாத ஆழம்வரை, பெரும்பாலும் 3.5 மீட்டர் அளவுக்கு, ஒல்லியான துளை. அடியில் மட்டும் தண்டைப்போல இரண்டரை மடங்கு அகலத்தில் ஒரு குமிழ். மேஸ்திரிகள் இதை 'அண்டர் ரீம்' என்றே சொல்வார்கள். பின்னர் இது இந்தியத் தர நிர்ணயத்திலும் இடம் பெற்றது. கனடாவில் வேலிக்காலுக்கு மணி வடிவ அடி, ரூர்க்கியில் கட்டடத்துக்குக் குமிழ் அடி. இயற்கை இரண்டு இடத்திலும் கேட்ட கேள்வி ஒன்று என்பதால் விடையின் வடிவமும் ஒன்றாகியிருக்கிறது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

உடனே எழும் மறுப்பு: ஐதராபாத் பாறையின்மேல் நிற்கும் ஊர், இங்கே கரிசல் எங்கே? மறுப்பில் உண்மை இருக்கிறது. நகரின் அடி கிரானைட். மேட்டில் கடப்பாரை போட்டால் ஓரிரு அடியில் மொரம் என்ற சிதைந்த பாறைச் சரளை தட்டும், அது நல்ல அடித்தளம். மொரம் தட்டும் இடத்தில் வீட்டு மதிலுக்கு மூன்றரை மீட்டர் ஆழம் கேட்பது வீண்செலவு, நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் நகரம் மேடுகளால் மட்டும் ஆனதல்ல. மேட்டுக்கு மேடு இடையே ஏரிகள் இருந்தன. ஏரிக்கரைத் தாழ்வுகளில் கருமண்ணும் வண்டலும் படிந்தன. பிறகு அந்தத் தாழ்வுகளில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரவி மனை போட்டார்கள். நிரப்பிய மண் பாறையும் அல்ல கரிசலும் அல்ல, எதற்கும் கட்டுப்படாதது; முதல் நல்ல மழையில் அமுங்கும். 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் நகரின் கிழக்கு விளிம்பில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியபோது, தார்நாகாவை அடுத்த ஹப்சிகூடா, ராமந்தாபூர்ப் பக்கத் தாழ்வுகளில் வெள்ளம் புகுந்தது. ஒரே சாலையின் இரு முனைகளில் ஒருவர் மொரத்தின்மேலும் மற்றவர் பழைய நீர்ப்படுகையின்மேலும் இருக்க முடியும். ஆகையால் 'நம்ம ஊர் பாறை' என்ற பொதுப்பேச்சால் ஒரு மதிலுக்கும் பயனில்லை. அந்த மதிலின் அடியில் ஒரு குழி தோண்டிப் பார்ப்பதுதான் பதில். கைப்பிடி மண்ணை ஒரு கண்ணாடி டம்ளரில் நீரில் போட்டு ஒரு நாள் விட்டாலே அது உப்புகிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். சோதனைக்கூடத்தில் செய்வதும் இதன் கண்டிப்பான வடிவம்தான்.

கரிசலோ நிரவிய மண்ணோ, வீட்டு மதிலுக்கு அண்டர் ரீம் தேவைப்படாத எளிய வழிகளும் உண்டு. தொடர்ச்சியான கடைக்காலுக்குப் பதில், மூன்று மீட்டருக்கு ஒரு பில்லர் ஆழமாக இறக்கி, பில்லர்களை இணைக்கும் பிளிந்த் பீமைத் தரையைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டுக் கட்டலாம். மண் உப்பினால் அந்த இடைவெளிக்குள் உப்பிக்கொள்ளும், சுவரைத் தள்ளாது. பில்லரைச் சுற்றித் தோண்டிய கருமண்ணையே மறுபடி தள்ளாமல் மொரமோ மணலோ இட்டு நிரப்பலாம். பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு விரிவு இணைப்பு விட்டால் ஒரு பகுதியின் சாய்வு அடுத்ததைப் பிடித்து இழுக்காது. மே மாதத்தில் வேலை செய்தால் நீராற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. உலர்வெப்பக் காலத்தில் குறைந்தது 10 நாள் என்று தர விதி சொல்கிறது, மேஸ்திரி மூன்றாம் நாளே குழாயைச் சுருட்டுகிறார். பனி நாட்டில் குளிர் காங்கிரீட்டைக் கெடுக்கும் அதே இடத்தில் இங்கே வெயில் கெடுக்கிறது.

ஆனால் சாய்ந்த மதிலை வெறும் சாய்வாக மட்டும் பேசி முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பனி நாட்டில் வேலி விழுந்தால் நாய் ஓடிப்போகும். நம் நாட்டில் மதில் விழுந்தால் மனிதர் சாகிறார்கள். 2019 டிசம்பர் 2 அன்று விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுமார் 20 அடி உயர மதில் சரிந்து, கீழே இருந்த அருந்ததியர் குடியிருப்பின் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 29 அன்று புனேயின் கோந்த்வாவில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் தொழிலாளர் குடிசைகள்மேல் விழுந்து 15 பேர் மாண்டார்கள். 2020 அக்டோபரின் அதே பெருமழை இரவில் ஐதராபாத் பண்ட்லகூடாவில் சரிவின்மேலிருந்த மதில் கீழ்வீடுகள்மேல் சாய்ந்து பல உயிர்கள் போயின. 2024 மே 7 அன்று ஐதராபாத்தின் பாச்சுபல்லியில் தாங்குசுவர் தொழிலாளர் கொட்டகைகள்மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒன்று நான்கு வயதுக் குழந்தை. ஒவ்வொரு நிகழ்விலும் மழை இருந்தது, சுவருக்குப் பின்னால் ஈர மண் இருந்தது, இறந்தவர்கள் சுவரின் தாழ்ந்த பக்கத்தில் இருந்தார்கள். மதில் யாருடையதோ அவர் மேட்டுப் பக்கத்திலிருந்து அதன் நெஞ்சளவை மட்டுமே பார்க்கிறார். அவருக்கு அது சிறு சுவர். கீழே இருப்பவருக்குத் தலைக்குமேல் தொங்கும் பாறை.

இங்கே கணக்கு எளியது, கொடியதும்கூட. 2 மீட்டர் உயர மண்ணைத் தாங்கும் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும், மண் வடிந்து உலர்ந்திருக்கும்போது சுமார் 1.2 டன் பக்கத்தள்ளல் இருக்கும். அதே மண்ணில் நீர் நிறைந்து வடிய வழியில்லாமல் நின்றால் சுமார் 2.6 டன். மழை இரண்டு மடங்குக்கும் மேலாக்குகிறது. உயரம் 2 மீட்டரிலிருந்து 3 மீட்டரானால் சுவரைப் புரட்டும் திருப்புத்திறன் மூன்று மடங்கைத் தாண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் மதிலைத் தன்னந்தனியாக நிற்கத்தான் கட்டுகிறார்கள், மண்ணைத் தாங்க அல்ல. ஆனால் பக்கத்து மனைக்காரர் மண் கொட்டி உயர்த்துகிறார். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுகிறார்கள். தோட்டக்காரர் சுவரோரம் பாத்தி கட்டி நீர் பாய்ச்சுகிறார். எல்லைக்கோடாகப் பிறந்த சுவர் யாரும் சொல்லாமலே தாங்குசுவராகிவிடுகிறது. அப்படிப்பட்ட சுவரின் விரிசலில் சிமெண்ட் பூசுவது பழுதுபார்ப்பு இல்லை, எச்சரிக்கைப் பலகையைக் கழற்றி எறிவது. செய்ய வேண்டியது முதலில் கொட்டிய மண்ணை விலக்குவது. விலக்க முடியாதென்றால், ஒன்றரை இரண்டு மீட்டருக்கு ஒரு துளையிட்டுக் குழாய் பதித்து, பின்னால் சரளை நிரப்பி நீருக்கு வழி விடுவது. அதற்கும் மேல் உயரமென்றால் பொறியாளரை அழைத்துத் தாங்குசுவராகவே மறுபடி கட்டுவது. நீலகிரிச் சாலையோரச் சுவர்களில் துளைகள் இருப்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். நகரத்து மதில்களிலோ அந்தத் துளைகளை அசுத்த நீர் வருகிறதென்று அடைத்துவிடுகிறார்கள்.

செலவு என்ற மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பூச்சு வேலைக்கு ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஒரு நாளில் போதும். அடியைத் தோண்டினால் வாரக்கணக்கு. வாடகை வீட்டில் இருப்பவரால் முடியாது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கும் எளிதல்ல. ஆயினும் இரண்டு செய்திகள். ஒன்று, முழு மதிலையும் தோண்ட வேண்டியதில்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நடந்தால் எந்தப் பில்லர்கள் நகர்ந்தன, எவை நகரவில்லை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கூரைநீர்க் குழாய் கொட்டும் இடம், உடைந்த சாக்கடைக் குழாயின் அருகு, பெரிய மரத்தின் வேரோரம் என்று மூன்று நான்கு புள்ளிகளில்தான் நோய் இருக்கும். கூரைநீரைத் திருப்பிவிடும் ஒரு குழாயின் விலை பூச்சின் விலையைவிடக் குறைவு. இரண்டு, மதிலின் உயரத்தைக் குறைப்பது அதிகக் காசில்லாத காப்பு. எட்டடிச் சுவரை ஐந்தடியாக்கி மேலே கம்பி வலை வைத்தால் எடை குறையும், காற்றின் அடி குறையும். திருட்டுப் பயம் இருக்கிறதே என்பார்கள். விழுந்த எட்டடிச் சுவரைவிட நிற்கும் ஐந்தடிச் சுவரில் திருடன் ஏறுவது கடினம்.

எல்லாவற்றையும்விட ஆழமான மறுப்பு வேறு. மண் அசையும் என்பது தெரிந்தபின், அதை எதிர்த்து நிற்கும் விறைத்த வேலி எதற்கு, அசைவோடு அசையும் வேலி போதாதா என்று கேட்கலாம். இதை நான் பாதிக்கு மேல் ஏற்கிறேன். யாழ்ப்பாணத்தின் பழைய வேலியை நினைத்துப் பார்க்கலாம்: பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதிகால்களாக நட்டு, வரிச்சுப் பிடித்து, தென்னங்கிடுகோ பனையோலையோ கட்டி அடைப்பார்கள். கதிகால் வேர் விட்டு மண்ணைத் தானே பிடிக்கும். கிளையின் குழை ஆட்டுக்கும் வயலுக்கும் போகும். கிடுகு உக்கினால் மறுபடி அடைப்பார்கள். பழுதுபார்ப்பு ஒரு விபத்துக்குப் பிந்திய செலவாக இல்லாமல், நாட்காட்டியில் இடம் பெற்ற வேலையாக இருந்தது. டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் குடியேறிய விவசாயிகள் சீடர் மரத்தைப் பிளந்து கோணல்மாணலாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய வேலிகளுக்குக் குழியே கிடையாது; குழி இல்லாததால் உறைமண் தூக்க ஒன்றும் இல்லை. தெலங்கானாவின் வயலோரங்களில் கிரானைட் கற்கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்த வேலியும் இந்த வகைதான். கம்பம் சாய்ந்தால் நிமிர்த்தலாம், கல் துருப்பிடிக்காது, கம்பி யாரையும் கொல்லாது. தார்நாகாவின் அந்தப் பழத்தோட்டத்துத் தாரும் இப்படித்தான் நின்றிருக்கும்.

நான் ஏற்க மறுக்கும் பாதி இது. இளகிய வேலி வேலைசெய்வது ஆண்டுதோறும் ஒருவர் அதை நடந்து பார்க்கும் வரையில்தான். நகரத்து வீட்டுக்கு அந்த நடை இல்லாமல் போய்விட்டது. விறைத்த சுவரைக் கட்டியதே அதைப் பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தில். ஆக, தேர்வு கல்லுக்கும் கம்பிக்கும் இடையே மட்டும் நடப்பதில்லை. அசையும் மண்ணில் கம்பியும் செடியும் வைத்து ஆண்டுக்கொருமுறை சரிசெய்யலாம். அல்லது ஈரம் மாறாத ஆழம்வரை போய், நீருக்கு வழி விட்டு, விறைப்பாகக் கட்டலாம். இரண்டும் மதிக்கத்தக்கவை. மேலோட்டமான கடைக்காலில் விறைத்த சுவரைக் கட்டி, பார்க்காமலும் விடுவது இரண்டின் குறைகளையும் மட்டும் பொறுக்கிச் சேர்த்தது, நம் காலனிகளில் மிகுந்திருப்பது அதுதான்.

வேலி இருவருக்குப் பொது என்பதால் சட்டமும் நுழைகிறது. ஒண்டாரியோவில் எல்லைவேலிச் சட்டம் என்று தனியாகவே ஒன்று உண்டு. அண்டை வீட்டார் ஒத்துப்போகாவிட்டால், நகராட்சி நியமிக்கும் வேலிப் பார்வையாளர்கள் நேரில் வந்து, யார் எந்தப் பகுதியைக் கட்ட வேண்டும், செலவில் யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பார்கள். சட்டத்தின் பயன்பாட்டிலிருந்து விலகிக்கொண்ட நகராட்சிகள் தமக்கென்று விதிகள் வைத்திருக்கின்றன. நம்மிடம் இத்தகைய நெருக்கமான, சிறு செலவில் முடியும் ஏற்பாடு இல்லை. எல்லைத் தகராறு என்றால் நேரே உரிமையியல் நீதிமன்றம், ஆண்டுகள். இதனாலேயே இருபக்கத்தாரும் அவரவர் பக்கத்துப் பூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு அடியைத் தொடாமல் விடுகிறார்கள். குடியிருப்போர் நலச்சங்கங்கள் இந்த இடைவெளியை நிரப்பலாம். தண்ணீர், குப்பை, வாகன நிறுத்தம் என்று கூடிப் பேசுகிறவர்கள் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மேஸ்திரியையும் ஒரு தூக்குக்குண்டையும் கூட்டிக்கொண்டு தெருவின் மதில்களை ஒரு முறை நடந்து பார்க்கலாம். சாய்வை அளந்து தேதியோடு சுவரிலேயே பென்சிலால் குறித்து, அடைத்த துளைகளைத் திறந்து, சுவரோரம் கொட்டிய மண்ணை அள்ளி, முக்கியமாகத் தாழ்ந்த பக்கத்தில் யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டும். ஜூனில் முதல் மழை இறங்குவதற்கு அப்போது இன்னும் ஆறேழு வாரம் இருக்கும். ஒரு பில்லரைத் தோண்டி, குழாய் பதித்து, பத்து நாள் நீராற்றுவதற்கு அது தாராளம்.